கடலில் ஒரு குடித்தனம்

(நமது சங்கத்தின் புனே கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டால் பருவமழையைப் பற்றித்தான் பேசுவேன் என்று நம் கிளையில் எல்லோருக்கும் தெரியும். "மாமா, இந்தத் தடவை மழையை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கோ" என்று காரியதரிசியே கேட்டுக்கொண்டுவிட்டார். சரி, மழையை விட்டுவிடுகிறேன். மழை புறப்பட்டு வருகிற இடமாகிய கடலைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும், எஞ்சினை நம்பாமல் காற்றை மட்டும் நம்பி, சிறிய பாய்மரப் படகில் மாதக்கணக்காக நடுக்கடலில் வாழ்கிறவர்களைப் பற்றி.

கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கோடையில் டாங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கும் புனேகாரனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். பௌதிகத்தில் பட்டம் வாங்கி, வானிலைத் துறையில் சேர்ந்து, 34 வருஷ சர்வீஸில் பெரும்பகுதியை இந்த ஊரிலேயே கழித்தவன் நான். கப்பல்களிலிருந்து வரும் வானிலைப் பதிவேடுகள் பல வருஷம் என் மேஜை வழியாகப் போயின. சர்வதேச நேரப்படி ஆறு மணிக்கு ஒருமுறை, காற்று, அலை, அழுத்தம், வெப்பம், மேகம் என்று கப்பல் அதிகாரி எழுதி வைப்பார். அந்த எண்களைச் சரிபார்த்தே எனக்குக் கடல் பழக்கம். கால் நனைத்தது மட்டும் மெரினாவிலும் அலிபாகிலும்தான். இந்த விஷயத்தில் எனக்கு வேறு ஒரு சொந்த அக்கறையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2025 மே மாதக் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மே 29 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் 'தாரிணி' என்ற கடற்படையின் பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, புதுச்சேரிக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோட்டுக்காரர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, ஏறக்குறைய எட்டு மாதத்தில் உலகைச் சுற்றிவிட்டு வந்தார்கள். மறுநாள் மே 30 அன்று, நம் கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதன்முறையாகப் பெண்கள், 17 பேர், பயிற்சி முடித்து வெளியேறினார்கள். இந்த இரண்டு செய்திகளையும் எத்தனை வீட்டில் சேர்த்துப் படித்தார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் படித்தார்கள்.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம். நம்மவர்களுக்கும் கடலுக்கும் உள்ள வழக்கு பழையது. போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைப் பதிதனாக்கும் செயல்களில் சேர்த்திருக்கிறது. அதே நூல் அதை வடக்கத்தியாரின் வழக்கம் என்றும் ஓரிடத்தில் குறிப்பிடுகிறது. அதாவது, அந்தக் காலத்திலேயே போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்! பிற்கால நூல்கள் கலியுகத்தில் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டு அதில் இதையும் சேர்த்தன. விவரம் வேண்டுபவர்கள் பாரத ரத்னா பாண்டுரங்க வாமன காணே எழுதிய தர்மசாஸ்திர வரலாற்றைப் பார்க்கலாம். அதை வெளியிட்டது நம் ஊர் பண்டார்கர் நிறுவனம். ஊர் வாயை மீறி 1883-ல் கல்கத்தாவில் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பிய ஆனந்திபாய் ஜோஷி, 22 வயது நிரம்புமுன் 1887-ல் இதே புனேயில்தான் காலமானார். இன்று நம் வீடுகளில் கடல் தாண்டாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விமானத்தில் தாண்டினால் தோஷமில்லை என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டோம்.

இப்போது, படகில் உலகைச் சுற்றுவது என்றால் என்ன என்று பார்ப்போம். எப்படியாவது சுற்றிவிட்டு வந்தால் கணக்கில் வராது. எல்லாத் தீர்க்கரேகைகளையும் தாண்ட வேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். பனாமா, சூயஸ் போன்ற கால்வாய்களில் புகுந்து குறுக்கு வழி போகக் கூடாது. மொத்தத் தூரம் 21,600 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. இந்த 21,600 எங்கிருந்து வந்தது? வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை. பெருக்கிப் பாருங்கள். பூமியின் மேல் ஒரு கலை தூரம்தான் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். நம் பஞ்சாங்கக்காரர்கள் கிரகத்துக்குப் போடும் அதே பாகை, கலைக் கணக்குதான்.

இந்த வழியில் போகிறவர்கள் மூன்று முனைகளைச் சுற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் லூவின், தென்னமெரிக்காவின் ஹார்ன், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை. அதற்காகத் தெற்கே 40, 50 பாகை வரை இறங்க வேண்டும். அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வருஷம் முழுவதும் காற்று அடிக்கிறது. குறுக்கே தடுக்க நிலம் அதிகம் கிடையாது. அதனால் அலைகள் பூமியைச் சுற்றிச்சுற்றி வளர்ந்துகொண்டே வருகின்றன. 'உறுமும் நாற்பதுகள்' என்று மாலுமிகள் அந்த இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் மேஜைக்கு வந்த பதிவேடுகளில் அந்தப் பகுதியிலிருந்து வருபவை மிகக் குறைவு. கப்பல்களே போகாத இடம் அது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பாயின் மேல் கொடுக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிக்கூடப் பௌதிகமே சொல்லும். 20 நாட் காற்றில் சுகமாகப் போகும் படகு, 40 நாட்டில் பாயைச் சுருக்கிக்கொள்ளாவிட்டால் பாய்மரத்தையே இழந்துவிடும்.

இதில் இந்தியர்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாக, எங்கும் நிற்காமல், முதன்முதலில் உலகைச் சுற்றியவர் ஆங்கிலேயரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூனில் புறப்பட்டு 1969 ஏப்ரலில் திரும்பினார், 312 நாள். அவருடைய 'சுஹைலி' படகு நம் பம்பாயில், தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. படகு நம்முடையது, பேர் அவருக்கு. அடுத்து 1985 செப்டம்பரில் 'திரிஷ்ணா' என்ற படகில் நம் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு அதிகாரிகள் பம்பாயிலிருந்து புறப்பட்டு, 1987 ஜனவரியில் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அந்தப் படைப்பிரிவினரின் கல்லூரி தாபோடியில் இருக்கிறது, நம்மில் சிலர் தினமும் அதன் மதிலை ஒட்டித்தான் பஸ்ஸில் போகிறோம்.

தனி ஆளாக ஓர் இந்தியர் சுற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் வைஸ் அட்மிரல் மனோகர் ஆவதி. 1971 யுத்தத்தில் வீர சக்ரா வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு சாதாரா மாவட்டத்தில் பல்டண் பக்கம் விஞ்சூர்ணி என்ற கிராமத்தில் வசித்தார். 2018-ல் காலமானார். அவர் தூண்டுதலால் கடற்படை ஆள் தேடியது. முன்வந்தவர் கமாண்டர் திலீப் தோண்டே. கோவாவில் மாண்டவி ஆற்றின் நடுவே உள்ள திவார் தீவில், ரத்னாகர் தாண்டேகர் என்பவரின் சிறிய படகுத் தொழிற்சாலையில் 56 அடிப் படகு ஒன்று தயாராயிற்று. மாண்டவியின் இன்னொரு பெயரான 'மாதேயி' என்பதே அதற்கும் பெயர். 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து புறப்பட்ட தோண்டே, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். அதே மாதேயியில் அபிலாஷ் டோமி 2012 நவம்பரிலிருந்து 2013 மார்ச் கடைசி வரை, எங்கும் நிற்காமல் 151 நாளில் சுற்றி வந்தார். தாரிணியும் அதே தொழிற்சாலையில் பிறந்தவள்தான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் மலைமேல் கோயில் கொண்டிருக்கும் தாரா தாரிணி அம்மனின் பெயர். அந்தக் காலக் கடல் வணிகர்கள் கும்பிட்டுப் புறப்பட்ட தெய்வம். 2017-18-ல் ஆறு பெண் அதிகாரிகள் இதே தாரிணியில் ஒருமுறை சுற்றி வந்துவிட்டார்கள். இரண்டே பெண்கள் என்பதுதான் 2024-ல் புதிது.

இந்தப் பெயர்களும் தேதிகளும் பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும். என்னைக் கவர்ந்தது வேறு. பத்திரிகைகளில் புயலும் அலையும்தான் வருகின்றன. இவர்கள் எழுதியதையும் பேசியதையும் கவனித்துப் படித்தால், இருநூறு நாளில் புயல் நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் நடப்பது குடித்தனம். தண்ணீர், அரிசி, தூக்கம், ஒழுகும் குழாய், கழன்ற திருகு. நம் வீட்டு மாமிகள் வருஷம் முழுக்கப் பார்க்கும் அதே காரியங்கள்தான், ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு வீட்டில்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால், உப்பை வெளியேற்ற உடம்பு குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவிடும். படகில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம்தான். பெரிய படகுகளில் கடல்நீரைச் சவ்வின் வழியே அழுத்திக் குடிநீராக்கும் கருவி உண்டு. நம் சமையலறையில் உள்ள ஆர்.ஓ. தத்துவமேதான். ஆனால் கடல்நீருக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு, அல்லது டீசல். கருவி பழுதானால் மழைதான் கதி. அபிலாஷின் 2013 பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நல்ல தண்ணீரில் டீசல் கலந்துவிட்டது. பாயில் வழிந்த மழைநீரைப் பிடித்துத்தான் சமாளித்தார். பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, குளிப்பது எல்லாம் கடல்நீரில். கடைசியில் மேலுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். ஏப்ரல், மே மாதத்தில் நம் சொஸைட்டிகளில் டாங்கருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பொருளாளரைக் கேளுங்கள். கேட்டபிறகு குளியலறைக்குப் போங்கள்.

சமையல். படகின் அடுப்பை இரண்டு பக்கம் கீல் போட்டு ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். சமைக்கிறவர் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு நிற்பார். மூடி பூட்டிக்கொள்ளும் பாத்திரம் என்பதால் நீண்ட பயணம் போகிற வெள்ளைக்காரர்களே பிரஷர் குக்கரைக் கொண்டாடுகிறார்கள். இதில் நமக்குப் பெருமைப்பட இடமுண்டு. புதிய காய்கறி முதல் சில வாரத்துக்குத்தான். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், எலுமிச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிறகு பச்சைப் பயறை முளைகட்டிச் சாப்பிடுவார்கள். வைட்டமின் சி இல்லாமல் பழைய கப்பல்களில் ஈறு கரைந்து செத்த மாலுமிகளின் கணக்கு யுத்தத்தில் செத்தவர்களைவிட அதிகம் என்பார்கள். நம் கடற்படைப் படகுகளுக்கு மைசூர் ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் பொட்டலச் சாப்பாடு போகிறது. உப்புமா, புலாவ், அல்வா என்று சமைத்து, காற்றுப் புகாத பையில் அடைத்து, அழுத்தத்தில் 121 பாகை வரை சூடேற்றிவிடுவார்கள். ஒரு வருஷமானாலும் கெடாது. "சைவமாக இருந்து சமாளிக்க முடியுமா?" என்று இங்கே வருமுன் ஒரு மாமி என்னைக் கேட்டார். தாராளமாக முடியும். இட்லி மாவுக்குத்தான் உத்தரவாதம் இல்லை. 50 பாகை தெற்கில் அது புளிக்காது.

தூக்கம்தான் எல்லாவற்றிலும் கடினம். தனி ஆளாகப் போகிறவர் இருபது, முப்பது நிமிஷம் தூங்கி எழுந்து வெளியே பார்க்க வேண்டும். ஏன் இருபது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சரக்குக் கப்பல் பத்துக் கடல் மைலில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் 20 நாட், எதிரே வரும் நம் படகு 6 நாட். சேர்ந்து 26. மோதும் இடத்துக்கு வர 23 நிமிஷம். இப்போது அருகில் கப்பல் வந்தால் மணியடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றையும் சரிபார்க்கத்தான் எழுந்திருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்கலாம். ஆனால் ஒரே வீட்டில் குடியிருந்தும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நேரம் ஒரு நாளில் கொஞ்சம்தான் கிடைக்கும். எட்டு மாதம் இப்படி இருந்தும் சண்டை போட்டுக்கொள்ளாமல் இறங்கினார்கள் என்பதை நான் ஹார்ன் முனையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் சிரிக்கிறீர்கள், புரிகிறது.

நாள் கணக்கே குழம்பும். கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடிகாரத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினால் ஒரே கிழமை இரண்டு தடவை வரும். சிராத்த திதி அன்று விழுந்தால் எந்த நாளில் செய்வது என்று எந்த வாத்தியாரைக் கேட்பது? சங்கல்பத்தில் ஜம்பூத்வீபம் என்று சொல்கிறோம், நடுப் பசிபிக்கில் எதைச் சொல்வது? இதை விளையாட்டாகத்தான் சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் ரூபாவும் தில்னாவும் தாண்டிய 'நெமோ முனை' என்ற இடம் உண்மையிலேயே அப்படிப்பட்டது. முனை என்று பெயர், ஆனால் அங்கே மண் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கரை சுமார் 2,700 கிலோமீட்டர். தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள்தான் சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இனி, நான் பிறகு சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி இங்கே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கடற்படையில் சேர வேண்டும், அதிலும் பாய்மரப் படகில் போக வேண்டும் என்கிறாள். என் பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் தூக்கம் போய்விட்டது. "அப்பா, நீங்க சொன்னா அவ கேப்பா. கடல் எவ்வளவு ஆபத்துன்னு நம்பரோட சொல்லுங்கோ" என்றான் பிள்ளை. நம்பர் என்றால் நான் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முதலில் ஆபத்தைத்தான் படித்தேன். உங்களுக்கும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2018-ல் பிரான்ஸிலிருந்து ஒரு பந்தயம் புறப்பட்டது. 1968-ல் இருந்த வசதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக உலகைச் சுற்ற வேண்டும். செயற்கைக்கோள் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். அபிலாஷ் டோமி, சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா' என்ற படகில் மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல். காற்று மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர், அலை 14 மீட்டர் என்று செய்திகள் கூறின. 14 மீட்டர் என்றால் நம் பக்கத்து நாலு மாடிக் கட்டடத்தின் உயரம். படகு புரண்டது, பாய்மரம் ஒடிந்தது, அவர் முதுகெலும்பு முறிந்தது. படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. ஆஸ்திரேலியக் கரை கிட்டத்தட்ட 1,900 கடல் மைல் தூரம். குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு கருவி மட்டும் வேலை செய்தது.

அந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் கிடையாது. நம் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து போய்ப் படகைக் கண்டுபிடித்தது. அதே புயலில் பாய்மரத்தை இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின், அரைகுறைப் பாயைக் கட்டிக்கொண்டு இவரைத் தேடி வந்துகொண்டிருந்தார். 24-ம் தேதி 'ஒஸிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து அபிலாஷைத் தூக்கியது, பிறகு அந்த அயர்லாந்துக்காரரையும். ஆம்ஸ்டர்டாம் தீவு என்று உலகமே மறந்த ஒரு தீவில் முதல் சிகிச்சை. அங்கிருந்து ஐஎன்எஸ் சத்புரா அழைத்து வந்தது. முதுகில் டைட்டானியம் கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று நாள் அவர் தனியாகப் படுத்திருந்ததைப் பற்றிப் படித்தபோது, என் பிள்ளை கேட்ட நம்பர் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். பேத்தியிடம் அதைக் கொடுத்தேன்.

அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். "தாத்தா, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்தேளா?" என்றாள்.

அதற்கப்புறம் ஆனது இது. 2022 செப்டம்பரில் அதே பந்தயம் மறுபடி புறப்பட்டது. அபிலாஷ் மறுபடி போனார், 'பயானத்' என்ற படகில். பாதி வழியில், காற்றைப் பார்த்துத் தானே படகைத் திருப்பும் கருவி உடைந்தது. தனி ஆளுக்கு அது இல்லையென்றால் தூக்கமே இல்லை. அவர் கழிவறைக் கதவை அறுத்து அதற்குப் பலகை செய்து மாட்டினார். 2023 ஏப்ரல் 29 அன்று, 236 நாளில், இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், ஒரு பெண். புறப்பட்டவர்கள் 16 பேர். முழுப் பந்தயத்தையும் விதிப்படி முடித்தவர்கள் மூன்று பேர்.

16-க்கு மூன்று என்பதும் நம்பர்தான். அதைப் பிள்ளையிடமும் சொன்னேன், பேத்தியிடமும் சொன்னேன். ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் பிள்ளைக்கு விளக்கினேன். அது தனி ஆள் பந்தயம், வேண்டுமென்றே பழைய வசதிகளுடன் போவது. கடற்படை அப்படி யாரையும் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. ரூபாவும் தில்னாவும் உலகைச் சுற்றுமுன் ஆறு பேரில் இருவராகக் கேப்டவுன் வழியே ரியோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவர் மட்டும் மொரீஷியஸ் போய் வந்தார்கள். சுமார் மூன்று வருஷப் பயிற்சி. பயிற்சியில் வழிகாட்டியவர் இதே அபிலாஷ் டோமி. முதுகு முறிந்த ஆள் கற்றுக்கொடுத்தால் எதை முதலில் கற்றுக்கொடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பாயை எப்போது சுருக்குவது, எந்தக் கயிறு தேய்ந்திருக்கிறது, உடம்பில் கட்டிய வாரைக் கழற்றாமல் எப்படி நகர்வது. இதில் எதுவும் வீரம் என்று பார்ப்பவருக்குத் தோன்றாது.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. பேத்தி அடுக்களைப் பக்கம் வராதவள் என்று அவள் பாட்டிக்குக் குறை. இந்தப் பைத்தியம் பிடித்த பிறகு குக்கர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்கிறாள், குழாய் வாஷரைத் தானே மாற்றுகிறாள், ஒரு நாளைக்கு வீட்டில் எத்தனை லிட்டர் செலவாகிறது என்று குறித்து வைக்கிறாள். எங்கள் வீட்டில் தலைக்கு எவ்வளவு என்பதைச் சபையில் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. மாட்டுப்பெண்ணின் பயம் மாறவில்லை. மாற வேண்டும் என்று சொல்ல நான் யார்? பெற்றவள் அவள். தேர்வு விண்ணப்பம் இன்னும் மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. சட்டப்படி கையெழுத்து தேவையே இல்லை, அவளுக்கு வயது வந்துவிட்டது. இருந்தும் கேட்கிறாள் என்பதைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்துக்குப் பிறகு சிலர் கேட்டவற்றுக்கும் பதில் சேர்த்துவிடச் சொன்னார் ஆசிரியர்.

குழந்தைகள் கடற்படையில் சேராமலே பாய்மரப் படகு கற்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் நூறாண்டு தாண்டியது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கேயே பயிற்சி தருகிறது. ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் சென்னைப் பெண். ஹைதராபாத் அங்கத்தினர்களுக்கு ஹுஸேன் சாகர் ஏரியிலேயே கிளப் உண்டு, கடல் வேண்டியதில்லை. நீச்சல் முதலில், படகு பிறகு. பெற்றோர் இந்த வரிசையை மாற்ற விடக் கூடாது.

கீழே கனமாக எதை வைத்துப் படகைக் கவிழாமல் நிறுத்துகிறார்கள் என்று ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஒருவர் கேட்டார். அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு இறங்கியிருக்கும், அதன் நுனியில் ஈயம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்கிறதே, அதே தத்துவம். தலைகீழாகப் புரண்டாலும் படகு தானே எழுந்துவிடும். பாய்மரமும் உள்ளே இருப்பவரும் முழுசாக இருப்பார்களா என்பது வேறு கேள்வி.

கடல் மயக்கம் வராதா என்பது கடைசிக் கேள்வி, கேட்டவர் என் மாட்டுப்பெண். வரும். பலருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், சிலருக்குச் சரியாகாது. நெல்சனுக்குக் கடைசிவரை போகவில்லை. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பது, கீழே அறைக்குள் படிக்காமல் இருப்பது, கொஞ்சம் இஞ்சி. வீட்டிலிருந்து இஞ்சி மொரப்பா செய்து அனுப்பலாம், நன்றாக வற்றக் காய்ச்சிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.